லண்டனில் கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜர்: டே ரேட் 300 பவுண்டு, கையில் எவ்வளவு?

லண்டனுக்கு வந்ததும் வேண்டிய வங்கிக் கணக்கு, நேஷனல் இன்ஷூரன்ஸ் (அரசின் சமூகப் பாதுகாப்புப் பிடித்தம்) எண், கட்டுமான சைட்டில் காட்டும் சிஎஸ்சிஎஸ் கார்டு மூன்றும் அலைந்தால் கிடைத்துவிடும். ஆள் ஏமாறுவது டே ரேட்டில், அதாவது நாள் கணக்கில் பேசும் தொகையில்தான். ஸ்பான்சர் கம்பெனியின் பேரோலில் வருகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. டிபென்டன்ட் விசாவில் வந்து ஏஜென்சி வழியாக வேலை தேடுகிறவர் கவனமாகப் படியுங்கள்.

"நாளுக்கு 300 பவுண்டு, அம்ப்ரெல்லா வழியாக" என்று போனில் சொல்வார்கள். வளைகுடாவில் வரியில்லாமல் வாங்கிப் பழகியவர் உடனே 260 நாளால் பெருக்கி 78,000 என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் அந்த 300 உங்கள் சம்பளமே அல்ல. உங்களைப் பேரோலில் வைத்திருக்கும் அம்ப்ரெல்லா கம்பெனிக்கு ஏஜென்சி கொடுக்கும் தொகை அது. ஊரில் முதலாளி போடவேண்டிய பிஎஃப்பையும் சிடிசிக்குள் (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) அடக்கிக் காட்டுவார்களே, அதே வேலைதான். இங்கே அடக்குவது இன்னும் அதிகம்.

2025-26 கணக்கைப் பாருங்கள். வாரம் 1,500. அம்ப்ரெல்லா தனக்கு எடுத்துக்கொள்ளும் மார்ஜின் 25 என்று வைத்தால் மீதி 1,475. முதலாளி கட்டவேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ், அதாவது உங்கள் சம்பளத்தில் வாரம் 96 பவுண்டுக்கு மேல் உள்ளதற்கு 15 சதவீதம், இதிலிருந்தே போகும். தொழிற்பயிற்சிக்காக முதலாளி கட்டும் அப்ரண்டிஸ்ஷிப் லெவி, சம்பளத்தில் அரை சதவீதமும் அப்படியே. மிஞ்சுவது சுமார் 1,290. அதிலும் 139 பவுண்டு விடுமுறைச் சம்பளம். அதை வாராவாரம் சேர்த்தே கொடுத்துவிட்டால், கிறிஸ்துமஸுக்கு சைட் இரண்டு வாரம் மூடும்போது ஒரு பென்னிகூட வராது. பிடித்து வைக்கிறார்கள் என்றால், வேலையை விடுமுன் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சட்டப்படியான 28 நாள் விடுமுறை போக 46 வாரம் வேலை என்றால் ஆண்டுக்கு 59,340. வருமான வரியும் உங்கள் பங்கு நேஷனல் இன்ஷூரன்ஸும் கழித்தால் மாதம் ஏறக்குறைய 3,750. பென்ஷன் பிடித்தால் இன்னும் குறையும்.

கையெழுத்திடுமுன் 'கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட்' கேளுங்கள். ஏஜென்சி அதைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது 2020 ஏப்ரலிலிருந்து சட்டம். எல்லாப் பிடித்தமும் மாதிரிக் கணக்கோடு அதில் இருக்கும். "90 சதவீதம் கையில் தருகிறோம்" என்கிறவரிடம் பேச்சே வேண்டாம். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கடன் என்று காட்டி வரி ஏய்க்கும் வழி அது. பின்னால் பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சி அந்த வரியை உங்களிடமே கேட்கலாம்.

இந்தத் தப்புக் கணக்கு வீட்டிலும் வந்து இடிக்கும். ஆண்டு வருமானம் மாத வாடகையைப்போல் 30 மடங்கு இருக்கவேண்டும் என்பது வாடகை ஏஜென்டுகளின் வழக்கம். 78,000 என்று நம்பினால் 2,600 பவுண்டு வீடு பார்ப்பீர்கள். உண்மையில் உங்கள் எல்லை 1,978. விண்ணப்பத்தில் 78,000 என்று எழுதி பேஸ்லிப் வேறு சொன்னால், தவறான தகவல் என்று, வீட்டைப் பிடித்துவைக்கக் கட்டிய ஒரு வார வாடகை ஹோல்டிங் டெபாசிட் 600 பவுண்டைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ள அவர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. வீட்டை இன்றைய சைட்டுக்குப் பக்கத்தில் தேடாதீர்கள், சைட் மாறும். எலிசபெத் லைன் ஓடும் மேனர் பார்க், இல்ஃபர்ட் பக்கம் இருந்தால் நகரின் கிழக்கு மேற்கு இரண்டுக்கும் ஒரே ரயிலில் போகலாம்.

சனிக்கிழமை கூடுதல் ஷிப்டுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். அந்த 300-இல் முதலாளி பங்கு போக 260. வருமானத்தின் மேலடுக்குக்கு உரிய 40 சதவீத வரியும் 2 சதவீத நேஷனல் இன்ஷூரன்ஸும் போகக் கைக்கு வருவது 150.