தடம் மாறிய சேனலுக்குப் பணம் கட்டாமல் இருப்பது எப்படி?

வனவிலங்குகளைப் பார்க்கலாம் என்று காசு கட்டி வாங்கிய சேனலில், இரவு எட்டு மணிக்கு யாரோ இருவர் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் ஓராண்டுக்கும் மேலாக இதுதான் நடந்தது. என் அப்பா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "புலி எப்போது வரும்?" என்று கேட்பார், புலி பெரும்பாலும் வராது.

இந்தச் சறுக்கலுக்கு நெடிய வரலாறு உண்டு. 1981 ஆகஸ்ட் 1 அன்று பாடல் காட்சிகளுக்காகவே அமெரிக்காவில் தொடங்கப்பட்ட எம்டிவி, 1992 முதல் ரியாலிட்டி நிகழ்ச்சிகளின் பக்கம் சாய்ந்தது. எம்டிவி இந்தியாவும் 2003-இல் 'ரோடீஸ்' தொடங்கிய பின் அதே வழியில் நடந்தது. டிஎல்சி என்ற மூன்றெழுத்தோ, நாசாவின் பங்களிப்போடு 1972-இல் பிறந்த கல்விச் சேவை ஒன்றுக்குப் பின்னாளில் வைக்கப்பட்ட 'தி லேர்னிங் சேனல்' என்ற பெயரின் சுருக்கம் என்று இன்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். காரணம் எளியது. காட்டில் மாதக்கணக்கில் காத்திருந்து எடுக்கும் படத்தைவிட, நான்கு பேரை ஒரு கடைக்குள் பேசவிட்டு எடுக்கும் நிகழ்ச்சிக்குச் செலவு குறைவு. விளம்பரக் கட்டணமோ ரேட்டிங்கைப் பொறுத்தே அமைகிறது.

முதலில், சேனல் உண்மையிலேயே தடம் மாறிவிட்டதா என்று பாருங்கள், ஏனெனில் எரிச்சலில் நாம் போடும் கணக்கு பெரும்பாலும் மிகையாகவே இருக்கும். ஒரு நோட்டில் ஏழு நாள்களுக்குக் கட்டம் போட்டு, மாலை ஆறு முதல் பத்து மணி வரை அரை மணி நேரத்துக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். எல்லா நேரமும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை, செட்டாப் பாக்ஸில் வரும் நிகழ்ச்சி அட்டவணையே போதும். மொத்தம் 56 கட்டங்கள். எங்கள் நோட்டில் விலங்குகளுக்கு 17 கட்டங்கள் கிடைத்தன, அவற்றிலும் பாதிக்கு மேல் மறுஒளிபரப்பு. பாதிக்கும் குறைவாகத் தலைப்புக்கு உரியது வந்தால் அந்தச் சேனலை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. உங்கள் எல்லையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, புகார் எழுதலாமா என்ற கேள்வி வரும். கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, சேனல் நிறுவனத்துக்கு எழுதும் புகாருக்கு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். நிறைவில்லாவிட்டால் மேல்முறையீடும் உண்டு. ஆனால் அந்த ஏற்பாடு ஆபாசம், அவதூறு, வன்முறையைத் தூண்டுதல் போன்ற நிகழ்ச்சி விதி மீறல்களுக்கும் விளம்பர விதி மீறல்களுக்கும் உரியது. பேர் ஒன்று, சரக்கு ஒன்று என்பதை நிகழ்ச்சி விதி குற்றமாகக் கருதுவதில்லை. போதாக்குறைக்கு, தகவலையும் பொழுதுபோக்கையும் கலந்து தரும் 'இன்ஃபோடெயின்மென்ட்' என்ற வகைக்குள் புலியும் அடங்கும், அடகுக்கடையும் அடங்கும். ஆகவே அந்தக் கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டிவியை அணைத்துவிட்டால் ரேட்டிங் குறையும் என்று நினைப்பதும் பயனற்றது. ரேட்டிங்கைக் கணக்கிடும் பார்க் (BARC) அமைப்பு அளவுமானி பொருத்தியிருக்கும் மாதிரி வீடுகளின் பார்வை மட்டுமே அதில் சேரும், உங்கள் வீடு அவற்றில் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சந்தாவின் கணக்கு வேறு. எந்தச் சேனலுக்கு எத்தனை சந்தாதாரர்கள் என்பதை டிடிஎச், கேபிள் நிறுவனங்கள் மாதந்தோறும் 7, 14, 21, 28 ஆகிய நான்கு தேதிகளில் இரவு ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே எண்ணி, அதன் சராசரியைக் கொண்டுதான் சேனல் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி வகுத்திருக்கிறது. ஆகவே நீக்க நினைப்பவர் 7-ஆம் தேதிக்கு முன்பே நீக்கிவிடுவது நல்லது. அந்த மாதக் கணக்கு எதிலும் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

சிக்கலே, பல சேனல்களைச் சேர்த்து விற்கும் பேக்கில்தான் இருக்கிறது. பேக்குக்குள் இருக்கும் சேனல் ஒன்றை மட்டும் எடுத்துவிடச் சொன்னால் கேபிள்காரர் முடியாது என்பார், அவர் சொல்வது சரிதான். பேக்கையே உடைத்து, வேண்டியவற்றைத் தனித்தனியாக வாங்க வேண்டும். சேனல்களின் தனி விலைகளைக் கூட்டினால் வரும் தொகையிலிருந்து 45 சதவீதம் வரை தள்ளுபடி கொடுத்துப் பேக் விற்கலாம் என்று 2022 நவம்பரில் டிராய் திருத்தம் கொண்டுவந்தது. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஆறு சேனல்களின் தனி விலை 60 ரூபாய் என்றால், பேக் 33 ரூபாய்க்கு வரக்கூடும். அதில் நீங்கள் உண்மையில் பார்ப்பது இரண்டுதான், அவற்றின் விலை 22 ரூபாய் என்றால் பேக்கை உடைப்பது லாபம். பார்ப்பது நான்கு, அவை 41 ரூபாய் என்றால், தடம் மாறிய சேனலைச் சகித்துக்கொண்டு பேக்கிலேயே இருப்பதுதான் மலிவு. பேக் விற்பவர்கள் நம்பியிருப்பதும் இந்தக் கணக்கைத்தான். இரு பக்கமும் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சாதகமாக இருந்தால், டிடிஎச் செயலியிலோ வாடிக்கையாளர் சேவையிலோ, கேபிள் என்றால் உள்ளூர் ஆபரேட்டரிடமோ, எந்தப் பேக் போக வேண்டும், எந்தச் சேனல்கள் தனியாக வர வேண்டும் என்பதைச் சேனல் எண்களோடு எழுத்தில் கொடுங்கள். காரணத்தையும் ஒரு வரியில் எழுதலாம்: "வனவிலங்கு நிகழ்ச்சிகள் குறைந்துவிட்டதால் இந்தச் சேனல் வேண்டாம்." புகார் எண் வாங்க மறக்காதீர்கள். நாங்கள் எங்கள் ஆபரேட்டரிடம் வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்தோம், அடுத்த மாதமும் பழைய பில்லே வந்தது, கேட்டதற்கு "யாரிடம் சொன்னீர்கள்?" என்றார்கள்.

சாதாரணச் சேனலை நீக்கியவுடன் அதன் எச்டி பதிப்பு வேறொரு பேக்கின் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது இருந்தது. அதையும் எடுத்த பிறகுதான் பில் குறைந்தது.