மிஷன் போகிறவர் வீட்டிலேயே பழகிக்கொள்ள வேண்டியவை

வெளியார் மார்மன் சபை என்று சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் மிஷன் (வெளியூர் போய் நற்செய்தி சொல்லும் முழுநேர ஊழியம்) போக ஆயத்தமாகும் இளைஞர்களுக்கு வேதப் படிப்பைப் பற்றித்தான் கவலை அதிகம். படிக்க வேண்டியதுதான். ஆனாலும், ஊழியத்தில் மறந்துபோன வசனத்தை ஒரு நிமிடத்தில் தேடி எடுத்துவிடலாம். சமைக்கத் தெரியாதது, காலையில் எழ முடியாதது, முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே அறையில் இருக்கப் பழகாதது இவையெல்லாம் அப்படிச் சரியாகிவிடாது. இவற்றுக்கு ஆறு மாதமாவது வேண்டும்.

ஆண்கள் 18 வயதில் போகலாம். ஊழியக் காலம் 24 மாதம். பெண்களுக்கு 18 மாதம். அவர்களுக்கான குறைந்தபட்ச வயது 2012 அக்டோபரில் 21இலிருந்து 19 ஆனது, 2025 நவம்பரில் 18 ஆகக் குறைந்தது. பள்ளிப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

விண்ணப்பம் இணையத்தில்தான். உள்ளூர் சபையை நடத்தும் பிஷப்பிடம் பேசினால் (சிறிய சபை என்றால் கிளைத் தலைவர்) அதைத் திறந்து கொடுப்பார். மருத்துவர் ஒரு படிவமும் பல் மருத்துவர் இன்னொரு படிவமும் நிரப்ப வேண்டும். தாமதம் பெரும்பாலும் பல்லில்தான் ஆரம்பிக்கும். சொத்தையை அடைக்க வேண்டும், ஞானப்பல்லைப் பிடுங்க வேண்டும் என்று கடைசி நேரத்தில் தெரிந்தால், சிகிச்சை முடியும்வரை விண்ணப்பம் நின்றுவிடும். அதனால் எதற்கும் முன்னால் பல் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மைக்கு மருந்து சாப்பிட்டிருந்தால் ஒளிக்காமல் எழுதுங்கள். மறைத்துவிட்டுப் போய், தொலைதூர ஊரில் மருந்தும் மருத்துவரும் இல்லாமல் தவிப்பது மிகவும் கொடுமை. உண்மையைச் சொன்னால் அதற்கேற்ற இடத்துக்கு அனுப்புவார்கள். அல்லது வீட்டிலிருந்தபடியே செய்யும் சேவை மிஷன் கிடைக்கும். அதுவும் முழு ஊழியம்தான், யாரும் அதைக் குறைத்து நினைக்க வேண்டாம்.

அடுத்து இரண்டு நேர்காணல்: முதலில் பிஷப், பிறகு ஸ்டேக் (பல உள்ளூர் சபைகள் சேர்ந்த வட்டாரம்) தலைவர். பழைய தவறு ஏதாவது மனதை அரித்தால், நேர்காணல் அன்று அல்ல, பல மாதம் முன்பே பிஷப்பிடம் பேசிவிடுங்கள். எங்கே போவது என்று நீங்கள் கேட்டு வாங்க முடியாது. சபையின் உயர் தலைவர்களான அப்போஸ்தலர்களில் ஒருவர் ஜெபித்து முடிவு செய்கிறார். அழைப்புக் கடிதத்தில் ஊழியம் செய்ய வேண்டிய பகுதி, பேச வேண்டிய மொழி, பயிற்சி தொடங்கும் நாள் மூன்றும் இருக்கும். கடிதம் வருவதற்கு முன்பே பாஸ்போர்ட் கையில் இருப்பது நல்லது. 24 மாத ஊழியத்தோடு இன்னும் ஆறு மாதத்தைக் கூட்டி, 30 மாதமாவது செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். திரும்பும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்ல வேண்டும் என்று கேட்கும் நாடுகள் பல.

பணம்: அமெரிக்க மிஷனரிகள் 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர் கட்டுகிறார்கள். 24 மாதத்துக்கு 12,000 டாலர். செலவு அதிகமான நாட்டுக்குப் போனாலும் குறைவான நாட்டுக்குப் போனாலும் இதே தொகைதான், எல்லாம் ஒரே நிதியில் சேர்கிறது. வேறு பல நாடுகளில் அங்குள்ள நிலைமையைப் பொறுத்துத் தொகை மாறும். குடும்பத்தால் முடியாததற்குச் சபை கைகொடுக்கும். ஊழியத்தின்போது சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் மாதந்தோறும் ஒரு சிறு தொகை வரும். அது வந்த அன்றே நான்காகப் பிரித்துவிடுங்கள். முதல் வாரம் கடையில் சாப்பிட்டுத் தீர்த்துவிட்டு, மாதக் கடைசியில் வெறும் பிரெட்டில் காலம் தள்ளுவது புதியவர்களிடம் சகஜம். சோறு, பருப்பு, முட்டை, இரண்டு காய் வகை என்று ஐந்தாறு சமையல் தெரிந்தால் போதும்.

உடைகளை அழைப்புக் கடிதம் வந்த பிறகே வாங்குங்கள். எந்த ஊருக்கு என்ன வேண்டும் என்ற பட்டியல் அதனோடு வரும். வெப்ப நாட்டுக்குக் கம்பளி கோட்டு சுமைதான். ஆண்களுக்கு வெள்ளைச் சட்டையோடு நீலச் சட்டையும் 2020இலிருந்து சில இடங்களில் உண்டு. பெண்கள் 2018 டிசம்பரிலிருந்து பேண்ட்டும் போடலாம். காசை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே பொருள் ஷூ. இரண்டு ஜோடி வாங்கி, கிளம்பும் முன் ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள். புது ஷூவோடு போனால் முதல் வாரமே குதிகாலில் கொப்புளம் வந்து நடக்க முடியாது. நாள்விட்டு நாள் மாற்றிப் போட்டால் வியர்வை காய நேரம் கிடைக்கும்.

பயிற்சி மையங்களில் பெரியது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ப்ரோவோவில் இருக்கிறது. தெரிந்த மொழியில் ஊழியம் என்றால் பயிற்சி சில வாரங்களில் முடியும். புது மொழி என்றால் ஆறு முதல் ஒன்பது வாரம் வரை போகும். மொழி கற்பவர் முதலில் ஜெபிக்கவும், இரண்டு வரியில் சாட்சி சொல்லவும் பழகட்டும். தினமும் பயன்படுபவை இவைதான். பாடங்களை வரிக்கு வரி மனப்பாடம் செய்யாதீர்கள். எதிரே இருப்பவர் நடுவில் ஒரு கேள்வி கேட்டதும் சரம் அறுந்து எல்லாம் சிதறிவிடும். உங்களோடு ஜோடியாக ஊழியம் செய்யும் துணை ஊழியரை இடையிடையே கேள்வி கேட்கச் சொல்லிப் பழகுவதுதான் பலன் தரும்.

அந்தத் துணை ஊழியர்தான் மிஷனின் கடினமான பகுதி, இனிமையான பகுதியும்கூட. குளியலறை தவிர மற்ற எல்லா நேரமும் ஒருவர் பார்வையில் ஒருவர் இருக்க வேண்டும். வழக்கமாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். அப்போது துணை மாறலாம், மாறாமலும் இருக்கலாம். சண்டை பெரும்பாலும் கழுவாத தட்டு, தாமதமாக எழுவது, குறட்டை போன்ற சின்ன விஷயத்தில்தான் தொடங்கும். வாரம் ஒருமுறை உட்கார்ந்து, இந்த வாரம் எது நன்றாக இருந்தது, எது உறுத்தியது என்று இருவரும் சொல்லிவிட வேண்டும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. "செவ்வாய்க்கிழமை நாம் 20 நிமிஷம் தாமதமாகக் கிளம்பினோம்" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

காலை 6:30க்கு எழுந்து இரவு 10:30க்குப் படுப்பது வழக்கமான அட்டவணை. கிளம்பும் முன் மூன்று மாதமாவது வீட்டில் இப்படி இருந்து பாருங்கள், கைப்பேசியை இரவில் வேறு அறையில் வைத்துவிட்டு. துணி துவைக்க, கடைக்குப் போக வாரத்தில் ஒரு நாள் உண்டு. 2019 பிப்ரவரியிலிருந்து அன்று வீட்டோடு பேசவும் அனுமதி இருக்கிறது. நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்து பேசுங்கள். பேச்சு நீள நீள வீட்டு நினைப்பும் ஏறும்.

தமிழ்க் குடும்பங்களைச் சந்திப்பவருக்கு ஒரு தனிக் குறிப்பு. ஞான வார்த்தை என்ற சபையின் ஆரோக்கிய விதி டீ, காபி இரண்டையும் விலக்குகிறது. டம்ளர் கைக்கு வந்த பிறகு மறுத்தால் அந்த அம்மாவின் முகம் வாடிவிடும். உள்ளே போய் உட்காரும்போதே "அம்மா, நாங்க டீ, காபி குடிக்கிறதில்லை, தண்ணி மட்டும் போதும்மா" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிடுங்கள். வாசலுக்கு வாசல் கழற்ற வேண்டியிருப்பதால் நாடா இல்லாத ஷூதான் வசதி.

கிளம்பும் முன் ஸ்டேக் தலைவர் உங்கள் தலையில் கைகளை வைத்து ஜெபித்து உங்களை மிஷனரியாக நியமிப்பார். திரும்பி வந்த பிறகு அவரே விடுவிக்கும்வரை பெயர்ப் பட்டையைக் கழற்றக் கூடாது. கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தைக் ஊழியத்தின் கடைசி சில மாதங்களிலேயே, துணி துவைக்கக் கிடைக்கும் அந்த வார நாளில் குடும்பத்தின் உதவியோடு முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் துணை இல்லாமல் தெருவில் நடப்பதே வெறுமையாக இருக்கும். பிஷப்பிடம் ஏதாவது ஒரு பொறுப்பை அந்த மாதமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.