பிளேன் ஏற முன்னமே பிழைக்கிற கணக்குகள்

சின்னம்மாவின் லண்டன் ரிக்கெற்றில் 15ஆம் திகதி, 00.40 என்று இருந்தது. நாங்கள் கிளிநொச்சியில் விமான நிலையம் போக வான் வண்டியை 15ஆம் திகதி பின்னேரத்துக்குச் சொல்லி வைத்தோம். மிளகாய்த்தூளும் வடகமும் நிறுத்துப் பெட்டி கட்டியாச்சு. 14ஆம் திகதி இரவு, புட்டுக் கோப்பையோடு இருக்கையில் மகன் போன் எடுத்தான்: "அம்மா, செக்கின் முடிஞ்சுதா?"

00.40 என்றால் 15ஆம் திகதி பிறந்து நாற்பது நிமிசம். விமான நிலையத்தில் நிற்க வேண்டியது 14 இரவு. வெளிநாட்டுப் பிளேன்கள் கொழும்புக்குக் கிட்ட இருக்கிற கட்டுநாயக்காவில் நடுச்சாமத்தை ஒட்டிக் கனக்க வெளிக்கிடுவதால், எங்கள் பக்கத்தில் அதிகம் நடக்கிற பிழை இதுதான்.

அடுத்தது மணிக்கூட்டைப் பார்த்துக் கழிப்பது. பகல் 1 மணிக்குக் கட்டுநாயக்காவில் ஏறி லண்டனில் பின்னேரம் 6.30க்கு இறங்கினால் ஐந்தரை மணித்தியாலம் என்று நினைக்கக் கூடாது. மாரிகாலத்தில் லண்டன் எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தி நிற்கிறது. ஓட்டம் 11 மணித்தியாலம். திரும்பி வரும்போது இதே கணக்கு மறுபக்கம் ஏமாற்றும்: இரவு 8.30க்கு ஏறி மறுநாள் 12.30க்கு இறங்கினால் 16 போலத் தெரியும், உண்மையில் பத்தரைதான். மார்ச் கடைசி ஞாயிறு தொடக்கம் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கோடைகால நேரம், அப்போது வித்தியாசம் நாலரை.

தூரத்தை வேகத்தால் பிரிப்பதும் சரிவராது. லண்டனுக்கு நேர்த்தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். பிளேனின் வேகம் மணிக்கு 900 என்று பிரித்தால் பத்து மணித்தியாலத்துக்குள் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறி இறங்குவது, வழியை வளைப்பது எல்லாம் அதில் இல்லை. மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால் போகும்போது இழுபடும், வரும்போது தள்ளிவிடும்.

ரொறன்ரோவுக்குக் கத்தாரில் இருக்கிற டோகாவால் போவது பெரிய சுற்று என்று பலர் சலிப்பார்கள். நேர்த்தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். டோகாவால் 3,600உம் 10,900உம், ஆக 14,500. தட்டையான படத்தில் கோடு கீறிப் பார்ப்பதால் வருகிற மயக்கம் அது. உருண்டையில் நூல் பிடித்தால் மிகக் குறுகிய வழி வடக்கே ஏறி ஆர்க்டிக் பக்கமாகப் போகும். நேரத்தைத் தின்பது அந்த 500 கிலோமீற்றர் இல்லை, டோகாவில் அடுத்த பிளேனுக்குக் காத்திருப்பதுதான்.

பிறகு எங்கள் றோட்டு. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் 350 கிலோமீற்றர் அளவு, ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இறக்கிவிடும். கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கா அதைவிடக் கிட்ட, ஆனால் வான் வண்டியில் ஆறேழு மணித்தியாலம். மூன்று மணித்தியாலம் முந்தி நிற்கவேண்டும் என்பதால், 00.40 பிளேனுக்கு முதல்நாள் மத்தியானமே வெளிக்கிட வேணும். வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற பத்து நிமிசத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கச்சான் வாங்க எல்லாரும் இறங்கினால் அது அரை மணித்தியாலம்.