இலந்தைக்கு முதலில் வேர், அப்புறம்தான் இலை

மியான்மரின் வறண்ட நடுப்பகுதியில் இருக்கும் மெய்க்திலாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரளை கலந்த மேட்டு நிலம். முதல் தடவை 40 இலந்தைக் கன்றுகளைக் கைச்சாண் உயரப் பையில் வளர்த்து, ஆனி மழையில் பிடுங்கி நட்டேன். ஜூலையில் வழக்கம்போல மழை இடைவெளி விட்டது. 31 கன்றுகள் காய்ந்தன. செத்த கன்றைத் தோண்டிப் பார்த்தால், ஆணிவேர் பையின் அடியில் மோதிரம்போல் சுருண்டு கிடந்தது. அன்றிலிருந்து பையே கிடையாது. மரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே விதை.

தை மாதத்தில் பஜாருக்கு வரும் சின்ன நாட்டு இலந்தை, இங்கே ஸீதீ என்பார்களே, அதைத்தான் நான் விதைக்கு எடுப்பேன். சதையை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, நிழலில் காய வைத்துக்கொள்ளுங்கள். விதைக்கும் சமயம் ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்பைக் கரைத்து அதில் கொட்டைகளைப் போட்டால், மிதப்பவை பொக்கு. அமிழ்ந்தவற்றை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

இனித்தான் பொறுமை வேண்டும். ஓட்டோடு விதைத்தால் முளைக்க ஒரு மாதம்கூட ஆகும். உடைத்தால் ஏறக்குறைய ஒரு வாரம் போதும். கொட்டையைத் துணியில் சுற்றி, அம்மிக்கல்மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் பருப்பு நசுங்கிவிடும். உள்ளே பெரும்பாலும் இரண்டு தட்டையான பழுப்பு விதைகள் இருக்கும். இரவு முழுக்க ஊற விடுங்கள்.

இரண்டடிக்கு இரண்டடி குழியைச் சித்திரையிலேயே வெட்டி, மேல்மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பியிருக்க வேண்டும். வைகாசியில் முதல் நல்ல மழை பெய்து மண் ஊறியதும் குழிக்கு மூன்று விதை, நகத்தளவு ஆழம். சரிவின் கீழ்ப்பக்கம் பிறைபோல வரப்பு கட்டினால் ஓடும் மழைநீர் அங்கேயே இறங்கும். ஒரு சாண் வளர்ந்ததும் வலுவானதை விட்டு மற்றதைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

ஜூலை இடைவெளிக்கு, கன்றிலிருந்து ஓரடி தள்ளி ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்புகிறேன். வாயை ஓட்டால் மூடிவிடுங்கள். முதல் கோடை தாண்டும்வரை இது வேண்டும், அப்புறம் வேண்டாம். ஆடு வராமல் காய்ந்த இலந்தை முள்ளையே சுற்றிப் போட்டால் போதும்.

வளர்ந்த மரம் கோடையில் இலையை உதிர்க்கும். பட்டுவிட்டது என்று பயந்து குடம் குடமாக ஊற்றாதீர்கள், அது உறங்குகிறது. மழைக்கு முன் கிளைகளை வெட்டிவிட்டால் புதுக்கிளையில் நன்றாகக் காய்க்கும்.

விதைக்கன்று தாய்ப்பழம்போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. என் ஒன்பது மரங்களில் நான்குதான் இனிப்பு. தண்டு பென்சில் கனம் ஆனதும் மழைக்காலத்தில் இனிப்பு மரத்தின் மொட்டை அதில் ஒட்டலாம், வேர் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு புளிப்பு மரத்தை மட்டும் நான் ஒட்டாமல் விட்டிருக்கிறேன். பகான் ஊரில் விற்கும் ஸீயோ என்ற இலந்தை இனிப்பைப்போல வெல்லப்பாகில் கிளற அந்தப் பழம்தான் தோது.