'கத்தரிக்காய்' 32 பிட்டில்: ஹஃப்மன் குறியீடு போடும் முறை

கணினியில் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் (க, புள்ளி, ா போன்ற தனித்தனித் துண்டு) 3 பைட் போகிறது. ஒரு பைட் என்பது 8 பிட், பிட் என்பது 0 அல்லது 1. 'கத்தரிக்காய்' என்பதில் 12 குறிகள், ஆக 288 பிட். அடிக்கடி வரும் குறிக்குக் குட்டையாகவும் அரிதானதற்கு நீளமாகவும் பிட் ஒதுக்கினால் இது எவ்வளவோ குறையும். அதற்கான வழியை டேவிட் ஹஃப்மன் 1952-ல் வெளியிட்டார்.

முதலில் எண்ணிக்கை: க 3, புள்ளி 3, த 2; ர, ய, ா, ி தலா 1. எண்ணுவதற்கு முன்பே உரையை என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தை எப்போதும் ஒரே விதமாக எழுதும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள். 'ொ' சில கோப்புகளில் ஒரே குறி, சிலவற்றில் ெ, ா என இரண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணக்கு மட்டும் கெடும்.

அடுத்து மரம். இருப்பதிலேயே சிறிய இரண்டு எண்களைச் சேர்த்து, கூட்டுத்தொகையைத் திரும்பப் பட்டியலில் போடுங்கள். ஒன்றே ஒன்று மிஞ்சும்வரை இதுதான் வேலை. ர+ி=2, ா+ய=2, அந்த இரண்டும் சேர்ந்து 4, த+க=5, புள்ளி+4=7, கடைசியில் 12. சேர்த்து வந்த தொகைகளைக் கூட்டினால் (2+2+4+5+7+12) மொத்த நீளம்: 32 பிட். எண்கள் சமமாக இருக்கும்போது வேறு ஜோடியைச் சேர்த்தால் மரம் மாறும், 32 மாறாது.

மரத்திலிருந்து நீளங்களை (உச்சியிலிருந்து குறி வரை இறங்கும் கிளைகளின் எண்ணிக்கை) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: க, த, புள்ளிக்கு 2, மற்றவற்றுக்கு 4. நீள வரிசையிலும், அதற்குள் யூனிகோடு வரிசையிலும் அடுக்கி, 00-லிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். நீளம் கூடும் இடத்தில் வலப்பக்கம் சுழி சேருங்கள்.

க 00, த 01, ் 10
ய 1100, ர 1101, ா 1110, ி 1111

எந்தக் குறியீடும் இன்னொன்றின் தொடக்கமாக இல்லை, அதனால் இடையில் பிரிப்பான் தேவையில்லை. சொல் இப்படி வரும்:

00011001 11011111 00100011 10110010

இங்கே சரியாக 4 பைட் அமைந்தது தற்செயல். பொதுவாகக் கடைசி பைட்டில் வெற்று பிட்கள் மிஞ்சும். அவற்றையும் எழுத்தென்று வாசித்துவிடாமலிருக்க, மொத்தக் குறிகளின் எண்ணிக்கையைக் கோப்பின் தொடக்கத்தில் எழுதுங்கள். நீள அட்டவணையும் கூடவே போக வேண்டும், ஆகவே ஒற்றைச் சொல்லுக்கு இது நஷ்டக் கணக்கு. உரை முழுக்க ஒரே குறி என்றால் மரத்தில் நீளம் 0 வரும். 1 என்று வலிந்து வையுங்கள்.

க், கா, ரி என முழு எழுத்தையே அலகாகக் கொண்டால் இதே சொல் 20 பிட்தான். அட்டவணை பெரிதாகும், பெரிய கோப்புக்கு அதுவே மேல்.