பழைய நிலக்கரி பாய்லர் ஆலையை விற்பது, கழற்றுவது: செம்பு முதலில் போகக் கூடாது

ஓடாத நிலக்கரி ஆலையை விற்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, டன்னுக்கு என்ன விலை வரும் என்பதுதான். பாய்லர் ஹவுஸ்களைக் கழற்றும் வேலையை மேற்பார்த்துவரும் நான் திருப்பிக் கேட்பது வேறு: கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) சாம்பலும் யார் பொறுப்பு?

ஆலைக்குள் காசு தரும் சரக்கும் இருக்கிறது, செலவு வைக்கும் சரக்கும் இருக்கிறது. ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் எல்லாவற்றிலும் செம்பு. நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் கண்டென்சரின் குழாய்களில் பித்தளை அல்லது செம்பு-நிக்கல், சில ஆலைகளில் டைட்டானியம். இன்னொரு பக்கம் கல்நார், சாம்பல், சூளைச் செங்கல், கழிவு எண்ணெய், கான்கிரீட் அடித்தளம், சிம்னி. வாங்கியவர் செம்பை முதல் மாதமே எடுத்துவிட்டால், மீதியை அள்ள அவருக்கு என்ன அவசரம்? கல்நாரோடு அரைகுறைக் கட்டடம் உங்கள் தலையில்தான் நிற்கும். அதனால் ஆலையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியின் கல்நார் அகற்றப்பட்டுச் சான்று வந்த பிறகே அங்குள்ள செம்பைத் தொடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சரக்கு கேட்டைத் தாண்டும் முன் பணம் வர வேண்டும். வேலை முடிப்பதற்கு வங்கி உத்தரவாதமும் வாங்குங்கள். விலை குறைந்தாலும் நான் விடாத நிபந்தனைகள் இவை.

அடுத்தது, எதை இயந்திரமாக விற்பது, எதைப் பழைய இரும்பாக விற்பது என்ற முடிவு. காகிதம் இல்லாத பாய்லர் வெறும் இரும்புதான். தயாரிப்பாளரின் வரைபடம், பிரஷர் பாகங்களின் சான்று, ஆய்வு அறிக்கைகள், தண்ணீர்ப் பரிசோதனைப் பதிவேடு எல்லாம் கையில் இருந்தால் மறுபயன்பாட்டுக்கு ஆள் தேடலாம். பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் ஃபீட் பம்ப், பெரிய மோட்டார், டர்பைன் ஹாலின் கிரேன் ஆகியவற்றுக்குத் தனியாக ஆள் கிடைப்பதுண்டு.

இரும்பாகப் போவதையும் கலந்து விற்காதீர்கள். நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் குழாய்களும் மெயின் ஸ்டீம் பைப்பும் பெரும்பாலும் குரோமியம்-மாலிப்டினம் கலந்த எஃகு: பி22 ரகத்தில் குரோமியம் 2.25 சதவீதம், பி91-இல் 9 சதவீதம். கண்ணுக்கு எல்லாம் ஒரே துரு நிறம். கையடக்க எக்ஸ்ரே கருவியைக் குழாயில் வைத்தால் சில வினாடிகளில் ரகம் தெரிந்துவிடும். வாங்குபவர் அந்தக் கருவியோடுதான் வருவார். நீங்களும் முன்கூட்டியே பார்த்து வைப்பது நல்லது.

இனி, டெண்டருக்கு முன்பே முடிக்க வேண்டிய சோதனைகள். பாய்லர் லேகிங் (சூடு வெளியேறாமல் போர்த்திய உறை), கேஸ்கெட், கதவுக் கயிறு என எங்கெல்லாம் கல்நார் இருக்கிறது என்று மாதிரி எடுத்துப் பட்டியல் போடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் இருக்கிறதா என்று பாருங்கள். 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) தாண்டினால் அதற்குத் தனி அகற்றும் முறை. நிலக்கரி சேமிக்கும் பங்கரிலும் சாம்பல் சேரும் ஹாப்பரிலும் மட்டம் காட்டும் கருவி சிலவற்றில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். அதை உரிமம் உள்ளவர் எடுத்துச் செல்லாமல் ஒரு லாரிகூட வெளியே போகக் கூடாது. 1998-இல் ஸ்பெயினில் ஒரு எஃகு ஆலையின் உலையில் பழைய இரும்போடு சீசியம் உள்ள கதிரியக்கப் பொருள் ஒன்றும் உருகி, அதன் தடயம் பிற ஐரோப்பிய நாடுகளின் காற்றிலும் தெரிந்தது. பங்கரில் தங்கிய நிலக்கரி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதையும் காலி செய்துவிடுங்கள்.

கழற்றும் முன் ஆலைக்குள் வரும் மின்சாரம் முழுவதையும் எல்லையிலேயே துண்டிக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. கேபிளை வெட்டி, இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். வேலைக்கான தற்காலிக மின்சாரம் தனி வழியில், தனி நிறக் கேபிளில் வரட்டும். மூடிக் கிடந்த பாய்லர் டிரம்முக்குள் (தண்ணீரும் நீராவியும் இருக்கும் பெரிய உருளை) துரு ஆக்சிஜனைத் தின்றிருக்கும். மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரும் தலையைக்கூட உள்ளே விடக் கூடாது. கேஸ் கட்டிங்குக்கு முன் வெட்டுக் கோட்டின் இரு பக்கமும் பெயின்ட்டைச் சுரண்டுங்கள்; பழைய பெயின்ட்டில் உள்ள ஈயம் சூட்டில் புகையாகும்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெரிய பாய்லர் தரையில் உட்கார்ந்திருப்பதில்லை. சூடானால் கீழ்நோக்கி விரிவதற்காக, உச்சி உத்திரத்திலிருந்து கம்பிகளில் தொங்குகிறது. அதன் முழு எடையும் உச்சிக்குப் போய், தூண்கள் வழியாக இறங்குகிறது. இது புரியாமல் ஒரு குறுக்குச் சட்டத்தை வெட்டினாலும் எடை வேறு பாதை தேடும். பிரிட்டனில் டிட்காட் ஏ மின்நிலையம் 2013-இல் மூடப்பட்டது. வெடிவைத்துத் தகர்ப்பதற்கான ஆயத்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, 2016 பிப்ரவரி 23 அன்று அதன் பாய்லர் ஹவுஸில் ஒரு பகுதி சரிந்து நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள் அவர்கள். ஆகவே எந்தத் தூணை எப்போது, எவ்வளவு வெட்டலாம் என்று கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுக் கையெழுத்திட்ட வரிசை இல்லாமல் ஒரு வெட்டும் வேண்டாம். வெட்டிப் பலவீனமாக்கிய கட்டடத்துக்குள் தேவையில்லாமல் ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது. பைப்களைத் தாங்கும் ஸ்பிரிங் ஹேங்கர்களையும் பின் போட்டுப் பூட்டிய பிறகே பைப்பை வெட்டுங்கள். எடை போனதும் ஸ்பிரிங் ஆளை அடித்துவிடும்.

சிம்னியை அதற்கென்றே உள்ள குழுவிடம் விடுங்கள். சாய்க்க இடம் இருந்தால் சாய்ப்பார்கள், இல்லையென்றால் மேலிருந்து கடித்துக்கொண்டே வருவார்கள்.

கடைசித் தவணையையும் உத்தரவாதத்தையும் நிலம் சரியான பிறகே விடுவியுங்கள். நிலக்கரிக் கிடங்கின் மண்ணில் அமிலமும், சாம்பல் குட்டையில் ஆர்சனிக் போன்றவையும் இருக்கலாம். மண்ணும் நிலத்தடி நீரும் சோதிக்கப்பட வேண்டும். அப்புறம் குளிர்நீர்க் கால்வாய்: தரைக்கு அடியில் ஆள் நடக்கும் அளவுக்குப் பெரியதாக இருக்கும். அதை நிரப்பி, அடைத்த இடங்களை வரைபடத்தில் குறித்து, நிலப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.