ஆங்கிலச் சொல்வளத்தை அட்டைப் பெட்டியின் துணையுடன் வளர்ப்பது எப்படி?

கோலாலம்பூரில் வாழும் தமிழர்களில் ஆங்கிலச் சொல் ஒன்றுகூடக் காதில் விழாதவர் எவரும் இருக்க முடியாது. வங்கி, கிளினிக், எல்.ஆர்.டி. நிலையம், பேரங்காடி என்று எங்கே போனாலும் அந்தச் சொற்கள் கண்ணிலும் காதிலும் பட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆனாலும் கேட்டால் புரிகிற சொல், பேச வேண்டிய நேரத்தில் நாவுக்கு வருவதில்லை என்பதே பெரியவர்களில் பலர் சொல்லும் குறை. இந்தச் செய்முறை அவர்களுக்காகவும், அவர்களுக்குக் கற்பிக்க முன்வரும் தன்னார்வலர்களுக்காகவும் எழுதப்பட்டது. எடுத்துக்காட்டுக்காக, செந்தூலில் ஒரு தனியார் கிளினிக்கின் கவுண்டரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொள்வோம். அவர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், மலாயில் தடையின்றிப் பேசுவார், ஆங்கிலத்தில் நோயாளி ஒருவர் இரண்டாவது கேள்வி கேட்டால் மட்டும் தயங்குவார்.

படி 1: பொருள்களைச் சேர்த்தல்

மணிலா அட்டை ஒன்று, கத்தரிக்கோல், பேனா, பழைய காலணிப் பெட்டி ஒன்று ஆகியவை போதும். மணிலா அட்டையை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்டினால் ஒரு வாரத்துக்கான அட்டைகள் கிடைத்துவிடும். பெட்டிக்குள் தடித்த தாளை நிறுத்தி ஐந்து அறைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சொல் எழுதிய அட்டை, அது நினைவில் நிற்க நிற்க ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகரும்; அதன் விதி படி 5-இல் உள்ளது.

படி 2: சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

அகராதியை முதல் எழுத்திலிருந்து மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்கள் எவை என்பது ஏற்கெனவே எண்ணிக் கணக்கிடப்பட்டிருக்கிறது. மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள், அதாவது அகராதியில் தனிப் பதிவாக வரும் அடிப்படைச் சொற்கள், இருந்தன. அதைப் புதுப்பித்து 2013-இல் வெளியான பட்டியலில் ஏறத்தாழ 2,800 சொற்கள் உள்ளன. பொதுவான ஆங்கில எழுத்தில் சுமார் 92 விழுக்காட்டை இவையே நிரப்பிவிடுகின்றன. 'நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்' என்ற பெயரில் தேடினால் இந்தப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

அதை அச்சிட்டு, பார்த்தவுடன் பொருளும் பயன்பாடும் தெரிகிற சொற்களை அடித்துவிடுங்கள். தொடக்கத்தில் வரும் 'அண்ட்' போன்ற இணைப்புச் சொற்களும் 'இன்' போன்ற முன்னிடைச் சொற்களும் அட்டையில் தனியாக எழுதிக் கற்க ஏற்றவை அல்ல. அவை வாக்கியங்களோடு தாமாக வந்து சேரும். எஞ்சியவற்றிலிருந்து நாளொன்றுக்கு மூன்று சொற்களையும், உங்கள் வேலையிடத்திலிருந்து இரண்டு சொற்களையும் எடுங்கள். கிளினிக்கில் வேலை செய்பவருக்கு அப்பாயின்ட்மென்ட், ரிசீட், ஃபீவர், கியூ போன்றவை பட்டியலில் எந்த இடத்தில் இருந்தாலும் முதல் வாரத்திலேயே வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து என்பது குறைவாகத் தோன்றலாம். முப்பது சொற்களைச் சுவரில் ஒட்டிவைத்து மறுநாள் மறக்கும் முறையைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்.

இந்தப் படியிலேயே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பாடநூல்கள் நிறங்கள், பழங்கள், எதிர்ச்சொற்கள் என்று குழுகுழுவாகக் கற்பிக்கின்றன; பார்க்க ஒழுங்காக இருந்தாலும் மனத்துக்கு அது சுமைதான். பொருளில் நெருங்கிய புதுச் சொற்களை ஒரே நேரத்தில் கற்பவர்கள் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறார்கள் என்பதைத் தாமஸ் டிங்காம் 1993-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நம் ஊரில் இதற்குச் சரியான சான்று 'பாரோ', 'லெண்ட்' என்ற இணை. முதலாவது இரவல் வாங்குவது, இரண்டாவது இரவல் கொடுப்பது. மலாய்ப் பேச்சில் இரண்டுக்கும் 'பின்ஜாம்' என்பதையே வைத்து ஒப்பேற்றிவிடுவதால், 'பாரோ மீ யுவர் பென்' என்பது இங்கே எல்லா இனத்தவர் வாயிலும் வருகிறது. முதலாவதை இன்று எழுதுங்கள். அது மூன்றாம் அறையைத் தாண்டிய பிறகே இரண்டாவதைத் தொடங்குங்கள்.

படி 3: அட்டையை எழுதுதல்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் தமிழ்ப் பொருள் என்று மட்டும் எழுதினால், அந்தச் சொல்லைப் படிக்கும்போது புரியும், பேசும்போது வராது. ஆகவே முன்பக்கத்தில் நீங்கள் உண்மையிலேயே சொல்லப்போகும் ஒரு வாக்கியத்தை எழுதி, கற்க வேண்டிய சொல்லின் இடத்தில் கோடு போடுங்கள். கோட்டின் அடியில் தமிழ்ப் பொருளைச் சிறிய எழுத்தில் குறியுங்கள். கவுண்டரில் நிற்பவரின் அட்டையில் 'டு யூ ஹேவ் அன்...' என்று தொடங்கும் வாக்கியத்தில் கோடும், அதன் கீழ் 'முன்பதிவு செய்த சந்திப்பு' என்ற குறிப்பும் இருக்கும்.

பின்பக்கத்தில் நான்கு செய்திகள் வர வேண்டும். முதலில், சொல்லின் சரியான எழுத்துக்கூட்டு. அடுத்து, ஒலி. மூன்றாவதாக, அழுத்தம் விழும் அசையின் மேல் ஒரு புள்ளி. அப்பாயின்ட்மென்ட் என்பதில் அது இரண்டாம் அசையில் விழும். கடைசியாக, அந்தச் சொல்லோடு சேர்ந்து நடமாடும் வினைச்சொற்கள். தமிழில் நாம் அப்பாயின்ட்மென்ட் 'வாங்குகிறோம்' என்பதற்காக ஆங்கிலத்திலும் 'பை' என்று சொல்ல முடியாது. அங்கே 'மேக்', 'கேன்சல்' என்பவையே அதனோடு சேரும். இந்தச் சேர்க்கைகளைச் சொல்லோடு சேர்த்தே படித்துவிட்டால், பின்னால் இலக்கண விதி தேடி அலைய வேண்டியதில்லை.

ஒலியைத் தமிழ் எழுத்தில் குறிக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு, அதைக் கைவிடுங்கள். படுக்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், பந்தயத்தைக் குறிப்பதையும், செல்லப் பிராணியைக் குறிப்பதையும் தமிழில் எழுதினால் மூன்றும் 'பெட்' என்றே நிற்கும். நோயாளியிடம் படுக்கையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் இது சிறிய சிக்கல் அன்று. மலேசியத் தமிழர்களுக்கு இதற்கு ஒரு வழி கையிலேயே இருக்கிறது. பள்ளியில் படித்த மலாயின் ரூமி (ரோமன்) எழுத்துகள் இந்த வல்லொலி, மெல்லொலி வேறுபாட்டைத் தனித்தனி எழுத்துகளால் காட்டுகின்றன. மேலும் மலாய்ச் சொற்கள் பெரும்பாலும் ஒலிப்பது போலவே எழுதப்படுகின்றன. ஆகவே ஒலியை ரூமியில் மலாய் முறைப்படி எழுதுங்கள். வரிசையைக் குறிக்கும் 'கியூ' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துகள். ரூமியில் மூன்றே எழுத்துகளில் அதன் ஒலி வந்துவிடும். 'ரிசீட்' என்பதை மலாய் ஏற்கெனவே 'ரெசிட்' என்று எடுத்துக்கொண்டது. ஆங்கில எழுத்துக்கூட்டில் ஒலிக்காமல் ஒளிந்திருக்கும் 'பி' அங்கே இல்லை.

ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் இரண்டு அட்டைகள் போடுங்கள். கைப்பேசிக்கு ஏற்றும் 'சார்ஜ்' எல்லாருக்கும் தெரியும். மருத்துவர் வாங்கும் கட்டணமான 'சார்ஜ்' வேறோர் அட்டைக்கு உரியது.

படி 4: மலாயைப் பயன்படுத்துதல், மலாயிடம் எச்சரிக்கையாக இருத்தல்

மலாய் ஆங்கிலத்திலிருந்து ஏராளமாக எடுத்திருப்பதால், உங்களுக்குத் தெரிந்த மலாய்ச் சொற்களில் பல பாதி ஆங்கிலம்தான். 'யூனிவெர்சிதி', 'குவாலிதி' என்பவற்றின் கடைசி அசையை மாற்றினால் யூனிவர்சிட்டி, குவாலிட்டி. 'ஒபெராசி', 'பொபுலாசி' என்பவை ஆபரேஷன், பாப்புலேஷன். எல்லாச் சொற்களும் இந்த வழிக்கு வராது, 'ஸ்டேசென்' போன்றவை தனிப் போக்கில் போகும், எனினும் ஒரு மாலைப் பொழுதில் இப்படிப் பத்து இருபது சொற்களை இலவசமாகச் சம்பாதித்துவிடலாம். சிக்கல் எழுதும்போது வருகிறது. மலாய் முறையில் 'கே' எழுத்தைப் போட்டுக் கிளினிக் என்றும் டாக்ஸி என்றும் ஆங்கிலத்தில் எழுதிவிடுவது மிகச் சாதாரணம். இத்தகைய சொற்களின் அட்டையை வாயால் சொல்லி முடிக்காமல், ஒவ்வொரு முறையும் தாளில் எழுதிப் பாருங்கள்.

இரு மொழிகளிலும் எழுதப்பட்ட அறிவிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். கதவில் 'தாரிக்' (இழு), 'தோலாக்' (தள்ளு) என்பவற்றின் பக்கத்தில் நிற்கும் ஆங்கிலச் சொற்களும், மருந்துப் பொட்டலத்தில் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்பதை மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லும் வரிகளும் காசு கொடுக்காமல் கிடைக்கும் பாடங்கள்.

படி 5: பெட்டியைப் புழக்கத்துக்குக் கொண்டுவருதல்

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே வேகமாக மறந்துபோகிறது என்று 1885-இல் எழுதினார். மறக்கத் தொடங்கும் நேரத்தில் நினைவுபடுத்திப் பார்த்தால் அடுத்த மறதி தாமதமாகிறது. இந்த அடிப்படையில் செபாஸ்தியன் லெய்ட்னர் 1972-இல் பரவலாக்கிய முறையே இந்த ஐந்து அறைப் பெட்டி.

புதிய அட்டைகள் எல்லாம் முதல் அறையில் இருக்கும். அந்த அறையை நாள்தோறும் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும். இரண்டாம் அறையை இரண்டு நாளுக்கு ஒருமுறையும், மூன்றாம் அறையை நான்கு நாளுக்கு ஒருமுறையும், நான்காம் அறையை வாரத்துக்கு ஒருமுறையும், ஐந்தாம் அறையை இரு வாரங்களுக்கு ஒருமுறையும் எடுங்கள். தவறிய அட்டை எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வேண்டும். பலருக்கு இது மனவருத்தம் தரும். ஆனாலும் விதியைத் தளர்த்தாதீர்கள்.

விடையைச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும் என்பதே இந்த முறையின் உயிர். பார்த்துப் படித்துக்கொண்டே போவதும் சுலபம், தெரிந்துவிட்டது என்று நம்புவதும் சுலபம். பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் பெட்டியை அதனிடம் கொடுத்துவிடுங்கள். "அம்மா, பின்னால பார்க்காம சொல்லுங்க" என்று அது காட்டும் கண்டிப்பை எந்த ஆசிரியரிடமும் எதிர்பார்க்க முடியாது.

அட்டை வெட்டப் பொறுமை இல்லாதவர்கள் 'ஆங்கி' என்ற செயலியில் இதையே செய்யலாம். 2006-இல் வெளிவந்த அது ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம். ஐஃபோனில் மட்டும் பணம் கட்ட வேண்டும். அது வழக்கமாக நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகளைக் காட்டும். அமைப்புகளில் அதை ஐந்தாகக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது வாரத்தில் மீள்பார்வை மலைபோல் குவிந்துவிடும்.

படி 6: கற்பிப்பவர் வாரந்தோறும் செய்ய வேண்டியது

நான்காம் அறையை எட்டிய அட்டைகளைக் கற்பவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, அந்தச் சொல் கட்டாயம் வந்தே தீரும் ஒரு சூழலை வாய்மொழியாக அமையுங்கள். நீங்கள் நோயாளியாக நின்று, நாளைக்கு வர முடியாது என்று ஆங்கிலத்தில் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் 'கேன்சல்', 'அப்பாயின்ட்மென்ட்' இரண்டையும் சேர்த்துப் பேசினால் அட்டை ஐந்தாம் அறைக்குப் போகட்டும். உச்சரிப்பை நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள், உரையாடல் முடிந்தபின் ஒரே ஒரு பிழையை மட்டும் சொல்லுங்கள்.

படி 7: வாசிப்புக்குப் போதல்

ஐந்தாம் அறையிலிருந்து வெளியேறும் அட்டைகள் ஒரு கட்டாகச் சேர்ந்தபின், கற்பவர்களுக்காகச் சொல்லளவு வரையறுத்து எழுதப்பட்ட எளிய கதைநூல்களைக் கையில் எடுக்கலாம். அகராதியின் உதவியின்றி நிம்மதியாகப் படிப்பதற்கு ஒரு பக்கத்தின் சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் போன்ற ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். அதாவது ஐம்பது சொற்களுக்கு ஒன்று மட்டுமே புதிதாக இருக்கலாம். நூலகத்தில் நூலைத் திறந்து நூறு சொற்கள் கொண்ட ஒரு பகுதியை எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கு மேல் புதிய சொற்கள் இருந்தால், அட்டைப் படம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அந்த நூலை அலமாரியில் வைத்துவிட்டு அதற்குக் கீழ்நிலையில் உள்ள ஒன்றை எடுங்கள்.